படுதா இறக்கிய பெச்சா

காஜா பேராங் கிளினிக்கில் மிசியாக, அதாவது தாதியாக, இருந்தவள் நான். ஊசி போடுவது சுலபம், தாய்மார்களைப் பேசவைப்பதுதான் பாடு என்பது இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் புதன்கிழமை

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த வருடம். கால் விளங்காத, பேச்சு வராத பிள்ளைகளின் தாய்மார்கள் ஏழு பேரைப் புதன்தோறும் கூட்டி, மனம்விட்டுப் பேசவைக்கச் சொன்னார் டாக்டர். நானோ சுவரில் படம் மாட்டி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். யாரும் வாய் திறக்கவில்லை.

புக்கிட் பாருவிலிருந்து வரும் லெட்சுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் சரோஜாவுக்கு ஆறு வயது, இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. யார் கண்ணிலும் படாமல், கொளுத்தும் வெயிலிலும் பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியின் மழைப் படுதாவை இறக்கிவிட்டுத்தான் கூட்டி வருவாள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் சேர்த்துவிடு என்றேன்.

"நாலு பேரு பாத்து உச்சுக் கொட்டவா மிசி இவளப் பெத்தேன்?"

எண்ணெய்க் கிண்ணம்

பிரசங்கத்தை மூட்டை கட்டினேன். அடுத்த புதன் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி வைத்து, ஒவ்வொருத்தியும் அடுத்தவள் பிள்ளைக்குக் கைகால் தேய்த்துவிடச் சொன்னேன். தன் பிள்ளையைத் தொட்டால் அழுகை வருகிறவர்களுக்கு, அடுத்தவள் பிள்ளை மடிக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்ல வந்தது. அறையே இரைச்சல்.

லெட்சுமியின் மடியில் மரியத்தின் மகன். ஐந்து வயதாகியும் பேசாதவன். "வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா எப்படிப் பேசுவான்? பசாருக்குக் கூட்டிட்டுப் போ, நாலு பேரப் பாக்கட்டும்" என்று லெட்சுமி மரியத்தைப் பிடிபிடியென்று பிடித்தாள். சரோஜாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மரியம் நிமிராமலே கேட்டாள்.

"ஒங்க பெச்சாப் படுதாவ எப்பக்கா தூக்கப் போறீங்க?"

பள்ளி திறந்த நாள்

அதன்பிறகு லெட்சுமி வரவே இல்லை. மூன்று புதன் போயிற்று. என் எண்ணெய் வைத்தியத்தால் ஒரு பிள்ளையின் படிப்பே போயிற்றே என்று நொந்துபோனேன்.

பள்ளி திறந்த அன்று காலை, பள்ளிக்குப் போகிற தெருவைப் பார்த்தபடி கிளினிக் வாசலில் நின்றேன். பெச்சா வந்தது. படுதாவைச் சுருட்டிப் பின்னால் கட்டியிருந்தார்கள். உள்ளே சரோஜா, வெள்ளைச் சட்டையில், இரும்புச் சட்டம் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லெட்சுமி. என் வயிற்றில் பிறந்த பிள்ளை பள்ளிக்குப் போவது போல எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தெருவே பார்க்குதே லெட்சுமி" என்று சீண்டினேன்.

"பாக்கட்டும் மிசி. எம்மகளும் அவங்களப் பாக்கிறாதானே."

தாய்மார்களைத் தேற்றியதில் மிசியின் திறமை அபாரம் என்று டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். நான் எண்ணெய் மட்டும்தான் சூடாக்கினேன் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.