அஞ்சலாட்சி எடுக்கச் சொன்ன தட்டு

அஞ்சலாட்சி இறந்த செய்தி வந்தபோது நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் ஓர் உரக்கடையில் பதினோரு வருடமாக எனக்கு அந்த வேலைதான். அவளுடைய தங்கை போனில், "அக்கா பூடுச்சிக்கா" என்று மட்டும் சொன்னாள். முதலாளியிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "அய்யோ பாவம், நல்ல பொண்ணு" என்றார். உடனே, "அந்த கரியமாணிக்கத்துக்காரருக்கு பில்லக் குடும்மா, பஸ்ஸு வந்துடும்" என்றார். நான் கொடுத்தேன்.

அன்று மாலையே கடை வாசலில் ஒரு பேனர் ஏறியது. உடல்நலக் குறைவால் பணியிலிருந்து விலகிய எங்கள் நம்பிக்கைக்குரிய ஊழியருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று அதில் எழுதியிருந்தது. அவள் படத்தைவிட முதலாளி படம் பெரிது.

அவள் விலகவில்லை. விரட்டப்பட்டாள். அவள் பெயரோடு அந்தப் பொய்தான் நிற்கப்போகிறது என்பதால் இதை எழுதுகிறேன். நம் மாடித்தோட்டக் குழுவில் பாதிப் பேர் ஒருமுறையாவது மிளகாய் இலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றவர்கள். குழுவின் இந்த மாத இதழில் இரண்டு பக்கம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

நான் தாவரவியல் பட்டதாரி. அவள் பத்தாவது வரை படித்தவள். கடலோரக் குப்பத்தில், மீன் விற்ற அம்மாவுக்குப் பிறந்தவள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு மஞ்சள் இலையைக் கொண்டுவந்து என் கீபோர்டின் மேல் போட்டாள்.

"இன்னா பி.எஸ்சி., இது இன்னான்னு சொல்லு பாப்பம்."

சத்துக் குறைவு என்றேன்.

"இது செடில மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா? தொட்டி மண்ணு ஈரமா, காஞ்சி கெடக்குதா? ஒண்ணும் கேக்காம பதில் சொல்ற. இதுக்கு மூணு வருசம் காலேஜா?"

டீக்கடை வரை கேட்கும்படி சிரித்தாள். அதன் பிறகு அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கடைசி வரை பி.எஸ்சி.தான்.

இலை கைக்கு வந்ததும் அவள் முதலில் அதைத் திருப்புவாள். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி. "மேல்பக்கம் மினுக்கும் பி.எஸ்சி., அத்த நம்பாத" என்பாள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து போதவில்லை. அடியிலைகள் மஞ்சளானால், மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாயா என்றுதான் முதல் கேள்வி. கரும்புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் கண்டால், தண்ணீரைச் செடியின் தலையில் ஊற்றாதே, வேருக்கு ஊற்று என்று திட்டுவாள். இலையின் ஓரம் கருகி வந்தால், எந்த ஊர், போர்வெல் தண்ணீரா என்று கேட்பாள். எங்கள் பக்கத்து உப்பு அவளுக்குத் தெரியும்.

வில்லியனூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. இலையெல்லாம் புள்ளி என்று கோபமாக இருந்தார். அஞ்சலாட்சி ஒரு வெள்ளைத்தாளை விரித்து இலையை அதன்மேல் தட்டி, தான் எப்போதும் வைத்திருக்கும் லென்ஸை அவர் கையில் கொடுத்தாள். "பாருங்க சார், உங்க புள்ளி நடக்குது. குடும்பத்தோட குடி வந்துகீது." அவர் குனிந்தபடியே சிரித்தார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை காரணமே இல்லாமல் கடைக்கு வருவார்.

இனி, பேனரில் இல்லாததைச் சொல்கிறேன்.

எங்கள் கடையில் எந்த இலை வந்தாலும் மூன்று பாட்டில் மேசைக்கு வரும். பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, ஊக்கத்துக்கு ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பாகூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மாடியில் பன்னிரண்டு தொட்டி, எல்லாம் மிளகாய். அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, மிச்ச இலையில் பழுப்புப் புள்ளி என்றார். முதலாளி மூன்று பாட்டிலையும் பையில் போட்டுவிட்டார். அஞ்சலாட்சி இலையைத் திருப்பி, கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். அடிப்பக்கம் சொரசொரவென்று சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"அக்கா, தொட்டிக்கி அடியில தட்டு வச்சிகிறியா?"

"ஆமாம்மா. புது டைல்ஸு, கறையாவுதுன்னு எங்க வூட்டுக்காரரு வாங்கியாந்து வச்சாரு."

"அந்தத் தட்ட மொதல்ல எட்து. ஓட்ட அடச்சிகினு இருந்தா ஒரு குச்சிய வுட்டு குத்து. மேல்மண்ணு காயற வரிக்கும் தண்ணி ஊத்தாத. உள்ள தேங்கன தண்ணி போறதுக்கு வழி இல்லாம எலைல பொடச்சிகினு வருது. இது சீக்கே இல்ல. மருந்து வாணாம், போ."

அந்த அம்மா பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முதலாளி குரலை உயர்த்தவில்லை. "கூடயத் தூக்கினு மீன் விக்க வேண்டியவள மேசகிட்ட நிக்க வச்சேன் பாரு, என்னயச் சொல்லணும். நீ வாயத் தொறந்தாலே கட நாறுது. கெளம்பு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் இன்றும் உரம் வாங்க வருகிறார்கள். அவர்களுடைய பெயரை ஒவ்வொரு முறையும் நான்தான் பில்லில் அடிக்கிறேன்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரிண்டரில் ஒரு பில் வந்துகொண்டிருந்தது. அது முழுதாக வரும்வரை காத்திருந்து, ஓரம் கிழியாமல் எடுத்தேன். அஞ்சலாட்சி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். லென்ஸைக் கீபோர்டின் மேல் வைத்தாள். "நீயே வச்சிக்கோ பி.எஸ்சி. கேக்காம பதில் சொல்லாத" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மதியமே முதலாளி இந்தச் சாலையில் இருக்கும் மற்ற உரக்கடைகளுக்குப் போன் செய்தார். வாயாடி, சேர்க்காதீர்கள் என்று அவர் சொன்னது நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தெளிவாகக் கேட்டது. யாரும் சேர்க்கவில்லை. அவள் தங்கையோடு கருவாடு காயவைக்கப் போனாள். அங்கிருந்தும் உங்கள் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வெயிலில் படம் சரியாகத் தெரியவில்லை, திருப்பி எடுத்து அனுப்பு என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

சிறுநீரகம் பழுதாகி அவள் படுத்தாள். அவள் சாவுக்கு முதலாளிமேல் பழி போட மாட்டேன். நான் நியாயமாகத்தான் வெறுக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டேன்:

"அந்தாளு மேல உனக்குக் கோவமே வரலையாடி?"

"வராம? நல்லா வருது. அதுக்கு இன்னா பண்ண சொல்ற? நாளிக்கி அந்தாளே எலயத் தூக்கினு வந்தாலும் சொல்லித்தான் ஆவணும். செடி இன்னா பண்ணுச்சி?"

அவள் போன பதினெட்டாம் நாள், அவள் சொன்னபடியே நடந்தது. முதலாளி கைக்குட்டையில் நான்கு மிளகாய் இலைகளை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். புது வீட்டு மாடியில் அவர் மனைவி வைத்த செடிகள். எல்லாம் மஞ்சள், எல்லாம் புள்ளி. "அஞ்சலாட்சி இருந்தா ஒரே பார்வைல சொல்லிடுவா. நீ படிச்ச பொண்ணு, பாத்து சொல்லேன்" என்றார்.

இலையைத் திருப்பினேன். கட்டைவிரலில் சொரசொரத்தது.

"மாடிக்கி டைல்ஸ் போட்டாச்சா சார்?"

"ஆச்சே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

எழுந்து போய் மூன்று பாட்டில்களையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பெயருக்கே பில் அடித்தேன். "நம்ம மருந்துதான் சார், நம்பி அடிக்கலாம்" என்றேன். கடையில் ஆள் இருந்தது. அவரால் அது வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். அஞ்சலாட்சிக்கு இது பிடித்திருக்காது, தெரிந்துதான் செய்தேன்.

இந்த இதழின் பின்னட்டையில் எங்கள் கடை விளம்பரம் வருகிறது. அது சரியாக வந்திருக்கிறதா என்று முதலாளி ஒவ்வொரு மாதமும் புரட்டிப் பார்ப்பார். ஆகவே அவருக்கும் ஒரு வார்த்தை.

சார், உங்கள் செடிக்கு என்ன என்பது மேலே இருக்கிறது, அவளுடைய வார்த்தையிலேயே. அதற்கு அடுத்த பத்தியில் நீங்கள் சொன்னதும் இருக்கிறது. ஒன்றை விட்டு இன்னொன்றை வாசிக்க முடியாதபடிதான் எழுதியிருக்கிறேன். நாளை காலை எட்டரைக்கு என் நாற்காலியில் இருப்பேன். போகச் சொல்வதாக இருந்தால், அவளிடம் சொன்னது போல எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். இந்த முறை பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த லென்ஸ் என் பையில் இருக்கிறது. கேட்ட பிறகே பதில் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. செடிமேல் அவளுக்கிருந்த இரக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது; அதனால்தான் பரிகாரத்தை மறைக்காமல் எழுதினேன். மனிதர்மேல் அவளுக்கிருந்த பொறுமை மட்டும் வரவில்லை. அது வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

மாடிக்குப் போய் எடுக்க வேண்டியதை எடுங்கள், சார். கீழே வந்து அந்தப் பேனரையும் எடுங்கள்.