அத்தரின் எண்

தொண்ணூறுகளில் திருநெல்வேலி சந்திப்பில் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை பார்த்தேன். எங்கள் மேலப்பாளையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளுக்கு வீட்டார் கொடுக்கும் பொட்டலங்களைத் திருவனந்தபுரம் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றுவோம். எதை ஏற்றக்கூடாது என்று சொல்ல ஒரு தடித்த விதிப்புத்தகம் உண்டு. அதை நான் கரைத்துக் குடித்திருந்தேன்.

ஆபத்தான சரக்குகளில் ஒன்பது வகுப்பு. வெடிப்பது ஒன்று, வாயு இரண்டு, தீப்பற்றும் திரவம் மூன்று என்று போகும். ஒன்று பெரிய ஆபத்து, ஒன்பது சின்ன ஆபத்து என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள்; எனக்கு எரிச்சலாக வரும். என்ன மாதிரி ஆபத்து என்றுதான் வகுப்பு சொல்லும். எவ்வளவு ஆபத்து என்பதற்கு ரோமன் எழுத்தில் தனி எண். இதுபோக, ஒவ்வொரு பொருளுக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் நான்கு இலக்க எண் ஒன்று. கற்பூரம் 2717. வாசனைத் திரவியம் 1266.

வீட்டிலும் இதே பேச்சுதான். துபாயில் கட்டட வேலையில் இருந்த என் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு ஒன்றாம் வகுப்பு என்று பெயர் வைத்திருந்தேன். உம்மாகூட, "ஒண்ணாம் வகுப்பு போன் பண்ணுச்சாலே?" என்றுதான் கேட்பாள்.

ஒரு பெருநாளுக்கு ஊர் அத்தர் பூசித் தொழ வேண்டும் என்று காக்கா ஆசைப்பட்டார். உம்மா ஒரு சீசா வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள். அது வெறும் எண்ணெயா, ஸ்பிரிட் கலந்ததா, எந்தச் சூட்டில் பற்றும் என்பதற்குக் கடைக்காரரிடம் தாள் கிடையாது. தாள் இல்லாவிட்டால் அது 1266தான்.

"மூணாம் வகுப்பும்மா. ஏத்த மாட்டாவ."

"எம்புள்ள பூசுத அத்தருக்கு என்னலே நம்பரு?"

காக்கா போனில் கத்தினார். "ஒரு சீசா அத்தரு பிளேனைக் கவுத்துருமாலே?"

"கவுத்துரும் காக்கா."

பட்டென்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் அவரே சிரித்துக்கொண்டு கூப்பிட்டார். "சரிலே, நானே வந்து பூசிக்கிடுதேன். உம்மாட்ட பத்திரமா வைக்கச் சொல்லு." உம்மா அதைப் பீரோவில் தன் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் வீடே மணக்கும். "வந்து பூசுவான்" என்பாள்.

அடுத்த பெருநாளுக்கு முன்பே வந்தார். கட்டிக்கொண்டிருந்த மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனவரைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

திருவனந்தபுரம் சரக்குக் கொட்டகையில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பழக்கதோஷம், பெட்டியைச் சுற்றி வந்து ஆபத்து வகுப்பைக் காட்டும் வில்லை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. விதிப்படி சரிதான், இறந்த உடலுக்கு வகுப்பு கிடையாது. உலகத்தையே திட்டிக்கொண்டு திரிந்த என் காக்கா யாருக்கும் ஆபத்தில்லாத சரக்காக வந்திருந்தார். எத்தனையோ பெட்டிகளை எண்ணி ஏற்றிய அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் காக்காவைக் குளிப்பாட்டி வெள்ளைக் கஃபன் துணி போர்த்தும்போது உம்மா பீரோவைத் திறந்தாள். சீசாவை என் கையில் வைத்தாள்.

"இனி இதை யாரும் தடுக்க மாட்டாவள்லா? பைய பூசுலே. அவன் ஆசப்பட்டது."