கூவல்பாறையின் துணிக்கொடி

திரையில் அந்தப் படம் விழுந்ததும் பிரசீதாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

சுரங்கத்துக்கான கருத்துக்கேட்புக்கு வந்த கூட்டம் பஞ்சாயத்து மண்டபத்தில் நெருக்கியடித்து நின்றது. ஓணம் நெருங்கியும் மழை விடவில்லை. ஈரக் குடைகளின் வாடை எங்கும். படத்தில் கூவல்பாறை மேட்டுநிலம் கண்ணுக்கெட்டிய மட்டும் நீலப்பூ விரித்துக் கிடந்தது. மேலே கருமேகம். வேறு எதுவும் இல்லை.

"பாருங்க சார்," என்றார் சுரங்கக் கம்பெனி மேனேஜர் ராஜ்மோகன், மேடையிலிருந்த துணை ஆட்சியரிடம். "பாறை மேல மூணு தலைமுறையா குடியிருக்கோம்னு சில பேர் மனு கொடுத்திருக்காங்க. இது போன வருஷத்துப் படம். எங்க ஆளுங்க எடுத்ததில்ல. மாநில விருது வாங்கின நம்ம பிரசீதா சேச்சி எடுத்தது. வீடு எங்க? ஒரு ஓலைக் கீத்தாவது தெரியுதா?"

பிரசீதாவின் மடியில் இருந்த குறிப்புத்தாள் நழுவியது. பாறையின் பூக்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேச எழுதி வந்திருந்தாள். பூச்சியைத் தின்னும் செடி, மழைக்காலம் மட்டுமே வாழும் தவளை, இவையெல்லாம் அதில் இருந்தன. ஆட்கள் இல்லை.

முன் வரிசையில் பாறைவாசிகள் உட்கார்ந்திருந்தார்கள். மாவிலர் என்ற பழங்குடிக் குடும்பங்கள். கையில் பட்டா இல்லை. வீடுகளுக்கு எண் இல்லாததால் ரேஷன் அட்டையில் அடிவாரத்து விலாசம். பாறையில் குடியிருப்பு இல்லை என்று துணை ஆட்சியர் அன்று குறிப்பு எழுதிவிட்டால் கம்பெனிக்குக் குத்தகை கிடைக்கும். இவர்களுக்கு மாற்று வீடுகூடக் கிடையாது. இல்லாத வீட்டுக்கு யார் மாற்று வீடு கொடுப்பார்கள்?

அவர்களில் ஒருத்தி மெல்லத் திரும்பினாள். காரிச்சி. பிரசீதாவைப் பார்த்தாள். திட்டவில்லை, முறைக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

பிரசீதாவுக்குச் சோறு போட்டது கல்யாணங்கள். நீலேஸ்வரம் கடைத்தெருவில் மாடியில் ஸ்டுடியோ. தாலிகட்டு, மோதிரம் மாற்றல், ஆற்றங்கரையில் மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து நிற்கும் மணப்பெண். அந்த வருமானத்தில் லென்ஸ் வாங்கி, கல்யாணமில்லாத மாதங்களில் நிலத்தைத் தேடிப் போவாள். கழிமுகத்துச் சதுப்புக் காடுகளை ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்தாள். சுற்றுலாக்காரர்களின் நாள்காட்டிக்கு மலைகளை எடுத்தாள். கடைசியாகக் கூவல்பாறை. கொச்சியில் அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது 'மனிதர் தொடாத மண்' என்று பெயர் சூட்டினாள். பெயரைக் கேட்டதுமே படித்தவர்கள் உருகினார்கள். விருது வந்தது.

மனிதர் தொடாத மண்! அந்த மண்ணில் விடியுமுன் அவள் குளிரில் நடுங்கியபோது பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்த கை யாருடையது? காரிச்சியுடையது. வீட்டு முன்னால் இருந்த முந்திரி மரத்துக்கும் ஒரு கம்பத்துக்கும் நடுவே காரிச்சி துணிக்கொடி கட்டியிருந்தாள். அது எப்போதும் படச்சட்டத்துக்குள் வந்து விழும்.

"காரிச்சீ, அந்தக் கொடிய கொஞ்சம் அவுத்துடேன்!"

"ஏன், உன் பூ என் பாவாடையப் பார்த்தா வாடிடுமா?" என்று சிரித்துக்கொண்டே அவிழ்ப்பாள்.

கொடியை அவிழ்க்கலாம். வீட்டை அவிழ்க்க முடியாதே. அதைப் பிரசீதா ஸ்டுடியோவில் செய்தாள். பக்கத்துப் புல்லையும் பூவையும் கணினியில் நகலெடுத்து வீடுகளின் மேல் அப்பினாள். நீலத் தண்ணீர்த்தொட்டி மறைந்தது, ஒற்றையடிப் பாதை மறைந்தது. மணப்பெண்ணின் முகப்பருவை எடுக்கும் அதே கருவி, அதே லாவகம். ஏழையின் கூரை அவள் கண்ணுக்கு நிலத்தின் முகத்தில் முளைத்த பருவாகத்தான் பட்டது. இயற்கை என்றால் ஆளில்லாத இடம் என்று அவள் படித்த புத்தகங்கள் சொல்லியிருந்தன. நிலத்திலிருந்து ஆட்களைத் துரத்தியவர்களுக்கு அதைவிட வசதியான ரசனை உலகில் கிடையாது. அழகு என்ற பெயரில் அவள் முன்கூட்டியே காலிசெய்து வைத்த இடத்தைத்தான் கம்பெனி இப்போது கேட்கிறது.

"ஆட்சேபம் சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்றார் துணை ஆட்சியர்.

பிரசீதா எழுந்தாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. படத்தில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை என்று விருதுக்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். வாயைத் திறந்தால் விருது போகும். கொச்சிக்காரர்கள் இனி போனை எடுக்கமாட்டார்கள்.

"சார், இந்தப் படம் பொய். அங்க வீடுங்க இருக்கு. நான்தான் அழிச்சேன்."

பூக்களைக் காட்டக் கொண்டுவந்த மடிக்கணினியைத் திறந்து, கேமராவில் பதிந்தபடி இருந்த படத்தைத் திரையில் போட்டாள். விரல் இருமுறை தவறான இடத்தில் அழுந்தியது. அதே மேகம், அதே பூ. இடது ஓரத்தில் வீடுகள், தொட்டி, புகை.

ராஜ்மோகன் பதறவில்லை. சிரித்தார்.

"சேச்சி, வீட்டை அழிக்கத் தெரிஞ்ச கைக்கு வீட்டை ஒட்டத் தெரியாதா? நேத்து உக்காந்து ஒட்டினீங்களோ என்னமோ! விருதுக்கு ஒரு கதை, இங்க ஒரு கதை. நாங்க எதை நம்ப?"

"கல்யாண ஆல்பத்துல எங்க மாமனையே வெள்ளையாக்கினவங்கதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அசல் பதிவையும் திருத்திய படத்தையும் பிரித்தறிய முடியும் என்று அவள் விளக்கத் தொடங்கினாள். துணை ஆட்சியர் கையைக் காட்டினார். "அதை நிபுணர்கிட்ட அனுப்பணும். பதில் வர மாசக்கணக்காகும். என் குறிப்பு இன்னைக்குப் போயாகணும்." பேனாவின் மூடியைக் கழற்றினார்.

உண்மையைச் சொல்லியும் பயனில்லை. அவள் பொய்யே அவள் உண்மையைத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு கட்சிக்காரர் காரிச்சியிடம் குனிந்தார். "பாறையில உங்க தெய்யம் குடியிருக்குன்னு சொல்லு. சாமின்னா சட்டுனு கை வைக்கமாட்டாங்க."

"மனுஷன் குடியிருக்கான்னு சொன்னா பத்தாதா?" என்றாள் காரிச்சி, எல்லாருக்கும் கேட்கும்படி. "எங்களக் காப்பாத்த இல்லாத சாமியக் கூட்டியாரணுமா?"

அந்தக் குரல் பிரசீதாவை உலுக்கியது.

"சார், என்னை நம்பாதீங்க," என்றாள். "என் படம் எதையும் நம்பாதீங்க. கம்பெனிக்காரங்க பேச்சையும் நம்பாதீங்க. பாறை அடுத்த ஊர்லதானே இருக்கு? வந்து பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க."

"மழையில பாறை வழுக்கும் சார்," ராஜ்மோகன் குறுக்கிட்டார். "ஜீப் ஏறாது."

காரிச்சி எழுந்து நின்றாள். "ஜீப் ஏறாத பாறையில இவர் லாரிய எப்படி ஏத்துவாரு சாரே? தலையில தூக்கிட்டா?"

இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. துணை ஆட்சியரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினார். மூடியது மூடியதுதான்.

ஜீப் ஏறியது. பாதி வழி அது ஏறியது, மீதி வழி அவர்கள் ஏறினார்கள். மழை தூறலாகியிருந்தது. நீலப்பூக்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் துணை ஆட்சியரின் செருப்பு வழுக்க, காரிச்சி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடுகள் இருந்தன. செம்புரைப் பாறையை வெட்டி அடுக்கிய சுவர்கள், பாசி படிந்து. மண்டபத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் எடுக்காமல் விட்ட துணிகள் கொடியில் நனைந்து தொங்கின.

"எல்லாம் புதுசா கட்டினதா இருக்கும் சார்," என்றார் ராஜ்மோகன்.

துணை ஆட்சியர் வீட்டோரத்துப் பலாமரத்தின் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார். இரு கையும் ஒன்றையொன்று தொடவில்லை. "இதையும் புதுசா நட்டாங்களா மேனேஜரே?"

"குறிப்போட ஒரு படம் வேணும்," என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிரசீதாவின் கை தானாகப் பையின் ஜிப்புக்குப் போனது. கேமராவைப் பாதி உருவியும் விட்டாள்.

"அவ வேணாம் சார்," என்றாள் காரிச்சி.

பிரசீதா நிமிர்ந்தாள்.

"நீ எடுத்தா நல்லா இருக்கும். அதான் வேணாம்." காரிச்சி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "சாரே, நீங்களே எடுங்க. கொடிய நான் அவுக்கமாட்டேன்."

பிரசீதா ஜிப்பை மூடினாள். துணை ஆட்சியர் தன் கைப்பேசியை எடுத்து, மழைத்துளியைச் சட்டையில் துடைத்து, எடுத்தார். ஒன்றுதான். சரியா என்று கேட்பதுபோலப் பழக்கத்தில் அதைப் பிரசீதாவிடம் நீட்டினார்.

தரை சாய்ந்திருந்தது. மூலையில் அவருடைய கட்டைவிரல். வானத்தின் அழகான பகுதியை மறைத்துக்கொண்டு காரிச்சியின் பாவாடை. நீலத்தொட்டி பாதி, பலாமரம் பாதி, கண்ணை மூடிவிட்ட ராஜ்மோகன் முழுதாக. ஸ்டுடியோவுக்கு வந்திருந்தால் இதில் எதையுமே அவள் மிச்சம் வைத்திருக்கமாட்டாள்.

"இப்படியே இருக்கட்டும் சார்," என்றாள்.

அவர் பலாமரத்தடியில் நின்று, காகிதம் நனையாமல் காரிச்சி குடை பிடிக்க, 'குடியிருப்பு உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.