இல்லாத சுகரைப் பார்க்கப் போய்

போன வருடம், தீபாவளிக்கு முந்தின சீசன். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில், ஆமத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணம் பேக்கிங் செய்கிறேன். அந்தக் கம்பெனி கேட்டில் நடந்த விஷயம் இது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். மகள் ஊருக்குப் பஸ் ஏறினால், இறங்கிவிட்டேன் என்று அவள் போன் பண்ணுகிற வரைக்கும் எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது. அதிலும் சுகர் என்றால் தனிப் பயம். எங்கள் அப்பாவுக்கு அது முற்றி முதலில் கால் விரல் போனது, பிறகு பாதமே போனது. கூட இருந்து பார்த்தவள் நான். இரண்டு தடவை தாகம் எடுத்தால் போதும், நமக்கும் வந்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கே முகாம் போட்டாலும் போய் விரலை நீட்டிவிடுவேன். இல்லை என்றுதான் சொல்வார்கள். சரியாகப் பார்த்தார்களோ என்னவோ என்று அடுத்த முகாமுக்குக் காத்திருப்பேன்.

மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கு இதே புலம்பல்தான். ஒருத்தி கேலி பண்ணுவாள், ஒருத்தி வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடிக்கச் சொல்வாள். என் பக்கத்தில் உட்கார்ந்து பேக்கிங் செய்கிறவள் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். என்னைவிடச் சின்னவள், மதினி என்று கூப்பிடுகிறவள். நான் ஆரம்பித்தாலே தூக்குவாளியைக் கழுவ எழுந்து போய்விடுவாள். ஒரு ஆறுதல் சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்.

அந்தச் சமயம் பெங்களூரிலிருந்து மகள் லீவுக்கு வந்தாள். அவள் தோளுக்குக் கீழே, கையின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருந்தது. சட்டைப் பித்தானைப் பெரிசு பண்ணின மாதிரி, நடுவில் சின்ன ஓட்டை. என்னது என்றால், சுகர் பார்க்கிறதாம். ஐயோ உனக்குமா என்று நான் அலறிவிட்டேன். அவள் சிரித்தாள். சுகர் இல்லாதவர்களும் இப்போது இதைப் போட்டுக்கொள்கிறார்களாம். எதைச் சாப்பிட்டால் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று போனில் பார்க்கலாமாம். அவள் ஆபீசில் பாதிப் பேர் கையில் இருக்கிறதாம். "உனக்கும் ஒண்ணு ஒட்டிவிடுதேன். ரெண்டு வாரம் நீயே பாரு, பிறகு பயமே வராது" என்றாள். பாசத்தில் சொன்னதுதான். ஒட்டியும் விட்டாள், என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் என் பாடு மோசம். போனைக் கையருகே கொண்டு போனால் நம்பர் காட்டும். பக்கத்திலேயே ஒரு அம்புக்குறி. காலையில் இட்லி சாப்பிட்டேன், அம்பு மேலே போனது. சாப்பிட்டால் ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். இறங்கவும் செய்தது. ஆனால் ஏறினது மட்டும்தான் என் கண்ணில் நின்றது. மத்தியானம் சோற்றைப் பாதியாக்கினேன். மகள் சாயங்காலம் பஸ் ஏறினதும் சோற்றுப் பானையைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலையிலும் வெறும் கடுங்காப்பிதான், அதுவும் சீனி போடாமல். அப்படியே வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. தீப்பெட்டி, பேட்டரி சாமான் எதுவும் ஆகாது. கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கையில் இருக்கிறதை நான் பிளாஸ்திரி போலத்தான் நினைத்தேனே தவிர, அதற்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கும் என்று தோன்றவே இல்லை.

சோதனை போடுகிற அம்மா ரவிக்கைக் கையைத் தொட்டதும் நின்றுவிட்டாள். "என்னக்கா, தாயத்துக் கட்டியிருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டே கையை மேலே ஏற்றினாள். வில்லையைப் பார்த்தாள். நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். பட்டினியில் என் உடம்பு வேறு நடுங்கியது. அவள் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இங்கன ஓடி வாங்க!" என்று போர்மேனைக் கத்திக் கூப்பிட்டாள்.

யாரோ ஒரு கம்பெனிக்குள் திருட்டுத்தனமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள் என்று அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. போர்மேனுக்கு அது போதாதா.

"எந்தக் கம்பெனிக்காரன் கேமரா வச்சு அனுப்புனான்?"

"கேமரா இல்ல அண்ணாச்சி, சுகர் பாக்குறது."

"சுகர் இருக்கா ஒனக்கு?"

"இல்ல அண்ணாச்சி."

"இல்லாத சுகரை எதுக்குத்தா பாக்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் பொய் மாதிரி இருக்கிறது, என்னத்தைச் சொல்ல? கழற்று என்றார். மகள் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாள். உள்ளே ஊசி இருக்கிறது என்றும் சொல்லியிருந்தாள். பிடுங்கினால் ரத்தம் கொட்டுமோ என்று கையைப் பொத்திக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. போனை வாங்கி மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போனவள், தூங்கியிருப்பாள்.

"வீட்டுக்குப் போ. மொதலாளி வந்து என்ன சொல்லுதாகளோ பாப்போம்" என்றார். சீசனில் இப்படி ஒரு பேரோடு வெளியே அனுப்பினால், சுற்றுவட்டாரத்தில் ஒரு கம்பெனியும் என்னைச் சேர்க்காது. தினம் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், என் மேல் பட்டால் தங்களுக்கும் வினை என்பது போல ஒதுங்கி ஒதுங்கி உள்ளே போனார்கள்.

அப்போதுதான் அவள் வந்தாள். அந்த வாய் திறக்காதவள். எனக்கு முன்னாடியே சோதனை முடிந்து உள்ளே போனவள், பாதி தூரத்திலிருந்து திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணாச்சி, அது கேமரா இல்ல. சுகர் பாக்குறதுதான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். நின்றவர்களில் பாதிப் பேர் அவள் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள்.

"எம் மூத்தவளுக்கு ஆஸ்பத்திரியில ஒரு தடவ ஒட்டிவிட்டாக."

"அந்தப் பிள்ளைக்கா? ஏழாவதுதான படிக்கா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஆமா. சுகர்தான். தெனம் ஊசி போடுதோம்."

அவள் என் கையிலிருந்த போனை வாங்கினாள். எங்கே தொடணும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. வில்லைகிட்டே கொண்டு போனதும் நம்பர் வந்தது. "இதுல படம் எங்க இருக்கு, நீங்களே பாருங்க" என்று போர்மேனிடம் நீட்டினாள். அவர் முன்னே பின்னே தள்ளிப் பார்த்தார். நம்பரும் கோடும்தான் இருந்தது. குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் பேட்டரி சாமான் உள்ளே போகக் கூடாது, கழற்றித்தான் ஆகவேண்டும் என்றார். அது நியாயம்தான்.

அவளே கழற்றினாள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, மெதுவாக. "வலிக்காது மதினி, அந்தப் பக்கம் பாருங்க" என்றாள். அவள் மகளிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள் போல. வந்ததைப் பார்த்தால், முடி மாதிரி ஒரு இழை. இம்புட்டுக்கா இந்தப் பாடு என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீகளா இல்லையா?" என்று கேட்டாள். தன் தூக்குவாளியைத் திறந்து என்னை உட்காரவைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் போர்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே போனதும், ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி? ஐயோ பாவம்பீக. நாளைக்கு அவளுக்குக் கல்யாணத்துக்கு ஒரு எடம் வந்தா, அந்தச் சுகர்க்காரப் பிள்ளையாம்பீக" என்றாள், டப்பாவில் லேபிளை ஒட்டிக்கொண்டே. என் மேல் கோபம் இல்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. வராத நோய்க்கு நான் தினம் ஒப்பாரி வைத்தபோதெல்லாம், அவள் தூக்குவாளியைக் கழுவ எழுந்து போனது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சாயங்காலம் வீடு திரும்புகிற வேனில் அவளைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். சீனி தின்ன விட்டியா, எங்ககிட்ட ஏன் மறைச்ச, வம்சத்துல இருக்கா, புருசன் வீட்டுப் பக்கமா உன் பக்கமா. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் யாரையும் எதிர்த்துப் பேசினதே இல்லை. அன்றைக்கு, "போதும், விடுங்க அவள!" என்று கத்திவிட்டேன். வேனே என்னைத் திரும்பிப் பார்த்தது.

ராத்திரி மகள் பேசினாள். எல்லாம் சொன்னேன். தான் அடுத்துப் போட வைத்திருந்த வில்லையை அந்தப் பிள்ளைக்கென்று அந்த வாரமே பெட்டியோடு அனுப்பிவிட்டாள். பிள்ளையின் அம்மா லேசில் வாங்கிக்கொள்ளவில்லை. டாக்டரிடம் கேட்ட பிறகுதான் சரி என்றாள். ஒட்டுகிற அன்றைக்கு நானும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பிள்ளை பயப்படவே இல்லை. கையை நீட்டிக்கொண்டு, "அத்தை, நீங்க இத மாட்டிக்கிட்டு ரெண்டு இட்லிக்குப் பயந்தீகளாமே!" என்று என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பயம் என்னைவிட்டு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தன் மகளுக்காக அத்தனை நாள் மறைத்து வைத்ததை எனக்காக அத்தனை பேர் முன்னால் அவள் போட்டு உடைத்த அந்தக் கேட்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். என் கவலையைச் சொல்ல வாயெடுக்கும் முன்னால், பக்கத்தில் இருக்கிறவளுக்கு என்ன இருக்கிறதோ என்று ஒரு நிமிடம் யோசிக்க வைப்பது அந்த இடம்தான்.