ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் இருக்கும் எங்கள் வீட்டில், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது.

நான் பதினைந்து வருடம் நெய்யாற்றின்கரையில் நில ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். பழைய ஆதாரங்களில் இருக்கும் கோணல் கையெழுத்தை வாசிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் செய்த பிறகு, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி அமெரிக்காவில் யூட்டா என்ற இடத்தில் நர்ஸாக இருக்கிறாள். எண்பது வயது தாண்டிய ஒருவரை வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அவரிடம் அவருடைய கொள்ளுப்பாட்டி கைப்பட எழுதிய ஒரு பழைய நோட்டு இருந்ததாம். அதைப் புத்தகமாக்கி, குடும்பம் முழுவதும் கூடும் நாளில் எல்லோருக்கும் கொடுக்க ஆசைப்பட்டார். ஆனால் அவருக்குக் கண் மங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்கும் அந்த மங்கிய கையெழுத்து பிடிபடவில்லை. "இதை வாசிக்கத் தெரிந்த ஒருத்தி எங்கள் ஊரில் இருக்கிறாள்" என்று என் தோழி சொல்லிவிட்டாள். நோட்டின் பக்கங்கள் படங்களாக எனக்கு வந்தன. நான் வாசித்து டைப் செய்து அனுப்ப வேண்டும்.

மோர்மன் என்ற வார்த்தையை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெரியவர் குடும்பம் சேர்ந்திருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு அது. நூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னால், இருந்த ஊர்களில் வாழ விடாமல் துரத்தப்பட்டு, மேற்கே யாருக்கும் வேண்டாத வறண்ட பள்ளத்தாக்குக்குப் போய்க் குடியேறியவர்கள். நோட்டு எழுதிய பெண், ஒன்பது வயதில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவள். அங்கிருந்து மாதக்கணக்கில் நடை. மாட்டு வண்டிக்கு வழியில்லாததால், சாமான்களைக் கைவண்டியில் ஏற்றி அப்பாவும் அம்மாவும் இழுத்திருக்கிறார்கள். பனி தொடங்கிய பிறகு அப்பா வழியிலேயே இறந்துபோனார். மிச்ச தூரத்துக்கு அம்மா முன்னால் இழுக்க, இவள் பின்னால் தள்ளியிருக்கிறாள்.

மத்தியானம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று டைப் செய்ததைத் தமிழில் சொல்லுவேன். ஆரம்பத்தில் பொழுது போவதற்காகத்தான் சொன்னேன்.

"அந்த சின்ன குட்டி அவ்வளவு தூரமும் நடந்தா வந்தா? காலுல செருப்பு உண்டுமா அவளுக்கு?"

"தேஞ்சு போச்சும்மா. சாக்குத் துணியைக் கட்டிக்கிட்டு நடந்திருக்கா."

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வாக்கர் பிடித்து நடக்கிற தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் உட்காருவதற்கு முன்பே, "இன்னைக்கு நம்ம ஆளு என்ன செய்தா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நோட்டு எழுதியவள் எங்கள் வீட்டில் 'நம்ம ஆளு' ஆகிவிட்டாள்.

நம்ம ஆளு பத்தொன்பது வயதில் ஒருவருக்கு இரண்டாம் மனைவியானாள். அந்தக் காலத்தில் அவர்களுக்குள் அது வழக்கமாம். மூத்தவள் முதல் ஒரு வருடம் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மூத்தவளுக்க நெஞ்சு எப்பிடி இருந்திருக்கும்?" என்று அம்மா அன்று முழுக்க மூத்தவள் பக்கம்தான் நின்றாள்.

பிறகு வெட்டுக்கிளி வந்து விளைச்சலைத் தின்றுவிட்டது. கணவர் சபை வேலையாக மாதக்கணக்கில் வெளியூர் போய்விட்டார். இரண்டு பெண்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள், மாடு கறந்தார்கள், மண்ணைக் குடைந்து கட்டிய ஒற்றை அறை வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். இளையவளுக்கு வலி எடுத்தபோது பிரசவம் பார்த்து, குழந்தையை முதலில் கையில் வாங்கியது மூத்தவள்தான். இதைச் சொன்னதும், "அவ நல்லவளாக்கும். நான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'என் பிள்ளைகள்' என்று தலைப்பு போட்டு ஒன்பது பெயர்கள் இருந்தன. பிறந்த தேதி எதுவும் இல்லை, வெறும் பெயர்கள். அதில் மூன்றாவது பெயரும் ஐந்தாவது பெயரும் ஒன்றேதான்.

ஆதாரத்தில் வாரிசுகளின் பெயரை எழுதும்போது ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் அது எழுத்துப் பிழை, அடித்துவிட வேண்டும். பதினைந்து வருடப் பழக்கம். வயதான காலத்தில் மறந்து இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, ஒன்றை எடுத்துவிட்டேன். அதைப் பெருமையாக ஒரு குறிப்பாகவும் எழுதி அனுப்பினேன். 'சரிதான், எங்கள் குடும்பப் பட்டியலிலும் எட்டுப் பேர்தான்' என்று பெரியவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். அடுத்த வாரம் அச்சுக்குப் போவதாகவும் எழுதியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, அம்மா கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"நம்ம ஆளுக்கு மொத்தம் எத்தர பிள்ளையளாக்கும்?"

"எட்டு" என்றேன். பிழையைக் கண்டுபிடித்த கதையையும் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அது பிழை இல்ல மக்கா. ரெண்டு பிள்ளையளாக்கும். மூத்தது போயிருக்கும். அந்தப் பேர பொறவு வந்ததுக்கு வெச்சிருப்பா."

"ஒரே பேரை ரெண்டு பிள்ளைக்கு யாரும்மா வைப்பா?"

அம்மா கையிலிருந்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"நான் வெச்சேனே" என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, நாற்பத்தொரு நாள் இருந்தது. அப்பாவின் அம்மா பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இதேபோல ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகும்போது, மடியிலேயே போய்விட்டது. மற்றவர்களுக்குத் தெரிந்தால் நடுவழியில் இறக்கிவிடுவார்களோ என்று பயந்து, அம்மா துணியை இழுத்து மூடி, பால் கொடுப்பதுபோல வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒரு வருஷம் களிஞ்சு நீ வந்தா. பேரு வெக்கும்போ ஒங்கப்பா எனக்க மொகத்த பாத்தாவ. அதே பேரு போதும்ன்னு நான்தான் சொன்னேன். ஒனக்கு தெரியண்டாம், பிள்ள பயந்துரும்ன்னு அவிய சொன்னாவ. அப்பிடியே விட்டாச்சு."

நாற்பது வருடமாக நான் என்னுடையது என்று நினைத்திருந்த பெயர். அம்மாவைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

கை தானாக அந்த நோட்டைத் திறந்தது. நானே டைப் செய்த பக்கங்களைத் திரும்ப வாசித்தேன். குளிர்காலத்தில் ஒரு நாள், 'சின்னவள் இன்று பால் குடிக்கவில்லை' என்று எழுதியிருந்தாள். அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள், 'மண் உறைந்து கல்லாக இருந்தது. அக்காவும் நானும் மாறி மாறித் தோண்டினோம். மத்தியானத்துக்குள் முடிந்தது.' அவ்வளவுதான். வாய்க்கால் வெட்டியதாக நினைத்து நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். மண் உறைந்து கிடக்கும் நாளில் யார் வாய்க்கால் வெட்டுவார்கள்? மூத்தவளை அவள் 'அக்கா' என்று எழுதியிருந்ததும் அந்த ஒரே ஒரு இடத்தில்தான். அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்தக் குழந்தை இந்த உலகத்தில் இருந்ததற்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வரிப் பெயர் மட்டும்தான். அதைத்தான் நான் பிழை என்று எடுத்துவிட்டேன்.

உடனே பெரியவருக்கு எழுதினேன். என்ன எழுதினாலும் சாக்கு சொல்வதுபோல இருந்தது. கடைசியில், 'தவறு செய்துவிட்டேன், அச்சை நிறுத்துங்கள், அவருக்கு ஒன்பது பிள்ளைகள்' என்று ஆரம்பித்து, அந்த மூன்று நாள் குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் என் தோழி வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் பெரியவர் இருந்தார். அம்மாவும் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த ஐந்தாவது பெயர் தன் பாட்டியுடையது என்றார். சின்ன வயதில் அவள் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவராம். தன் பெயரில் ஒரு அக்கா இருந்தது பாட்டிக்குத் தெரிந்திருக்குமா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள் என்றார்.

நான் அம்மாவிடம் சொன்னேன்.

"தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லு" என்றாள் அம்மா. "நாங்க சொல்லமாட்டோம்."

அந்த 'நாங்க'வை எப்படி ஆங்கிலத்தில் சொல்வதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினேன். எப்படியோ சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். அம்மா அவருக்குக் கும்பிடு போட்டாள்.

புத்தகம் ஒன்பது பெயர்களோடு வந்தது. எங்களுக்கும் ஒன்று அனுப்பி வைத்தார். ஆனால் நான் மறக்க முடியாது என்று சொல்ல வந்தது அதையல்ல.

போனை வைத்ததும் அம்மா, "வா" என்றாள். மழை விட்டிருந்தது. ஒரு கையில் வாக்கர், மறு கை என் தோளில். விழுந்த பிறகு அவள் முற்றத்தைத் தாண்டியதே இல்லை. வாக்கரின் கால்கள் ஈர மண்ணில் புதைந்துகொண்டே இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தேன். வீட்டுக்குத் தெற்கே, வேலி ஓரத்து மூலைக்குப் போனோம். அங்கே ஒரு காலத்தில் மோட்டார் அறை கட்டலாம் என்று கொத்தனார் சொன்னபோது, அம்மா முடியவே முடியாது என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் இடத்தை மாற்றினார். நான் அன்று அம்மாவிடம் கோபப்பட்டேன். அந்த மூலையில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

அம்மாவால் குனிய முடியாது. நின்றபடியே தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மக்கா, ஒனக்க தங்கச்சி வந்திருக்கா, பாரு."

நாற்பத்தொரு நாள் இருந்த குழந்தைக்கு, தலை நரைக்கத் தொடங்கிவிட்ட நான் தங்கச்சி. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா அழவில்லை. அவள் முகம், ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த ஒருவருக்கு இன்னொருவரை அறிமுகப்படுத்துகிறவள் முகம்போல இருந்தது.

இப்போதும் அம்மா உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது நான் உடனே குரல் கொடுப்பதில்லை. எனக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், முதலில் அவள் கேட்கட்டும் என்று ஒரு மூச்சு பொறுத்துவிட்டுத்தான் "வாறேன்மா" என்கிறேன்.