பைன் தோப்பின் அளவுக்காரி

கன்னத்தைப் பட்டையில் அழுத்தி, இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் அளவு நாடாவின் நுனியைத் துழாவுகிறார். கிடைத்துவிட்டது. "சிக்கிட்டான்" என்கிறார், திருடனைப் பிடித்தவர் போல.

வனத்துறையில் மரம் அளப்பது இவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு, உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. பிசின் ஒட்டாத சட்டை ஒன்றுகூட இல்லை. "மரத்தைக் கட்டிக்கிட்ட நேரத்துல பாதி என்னைக் கட்டிக்கிட்டிருந்தா நான் அமைச்சர் ஆகியிருப்பேன்" என்பது வீட்டுக்காரரின் புலம்பல். "அந்த மரம் குறட்டை விடாதுங்க" என்பது இவர் பதில்.

எண்பத்தேழு வருடம் முன் வரிசை பிடித்து நட்ட பைன் தோப்பு இது. ஆயிரத்துச் சொச்சம் மரங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை சுற்றளவு எடுத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். இந்த வருடம் புதிதாக வந்த நெட்டை ஆள் அளந்தார். போன தடவை இருந்த எண்ணே மறுபடி வந்தது. வளர்ச்சி நின்றுவிட்டது, வெட்டிவிடலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

இவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தரையிலிருந்து நாலரை அடியில் அளக்க வேண்டும் என்பது விதி. பத்து வருடம் முன்பு, உயரம் குறிக்கும் அளவுகோல் உடைந்த அவசரத்தில், தன் நெஞ்சு உயரத்திலேயே தோப்பு முழுக்க அளந்து முடித்தவர் இவர்தான். இவர் நெஞ்சு உயரமோ மூன்றரை அடி. அடிமரம் பருமன், மேலே போகப் போக ஒல்லி. நெட்டை ஆள் விதிப்படி நாலரை அடியில் அளந்ததும், பத்து வருட வளர்ச்சியை அந்த ஓரடி விழுங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை, வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போட, சிவப்புப் பெயின்ட் டின்னைத் திறந்து வைத்துவிட்டு ரேஞ்சர் நின்றார். இவர் ஓட்டமும் நடையுமாக வந்து ஒரு துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே பென்சில் கனத்தில் பத்து மரக்குச்சிகள். பத்து மரங்களின் உடம்பில் துளைக்கருவியைத் திருகி எடுத்தவை.

"எண்ணுங்க சார். ஒரு கோடு, ஒரு வருஷம். கடைசிப் பத்தைப் பாருங்க, எவ்வளவு இடம் விட்டு விட்டுப் போட்டிருக்கான். இவனையா கெழவன்னு சொல்றாங்க?"

ரேஞ்சர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். எண்ணினார். அடுத்த குச்சியையும் எடுத்தார். "அப்போ ரெஜிஸ்டர்ல இருக்கிறது?"

"நான் பண்ணின கூத்து சார். கோல் இல்லாம அளந்தேன்."

"எழுதிக் குடுப்பீங்களா? மெமோ வரும்மா. இன்க்ரிமென்ட் போகும்."

"போகட்டும் சார். இவங்க நிக்கட்டும்." ஜீப்பின் பானட்டில் தாளை விரித்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரேஞ்சர் படித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மறுபடி முழுசா அளக்கச் சொல்லி எழுதுறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே, இவர் குனிந்து பெயின்ட் டின்னின் மூடியைத் தேடி எடுத்து, டின்மேல் பொருத்தி, குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.