விரல் வைக்க மறந்த மெஷின்

பாலாவிச் சந்தியில் மருமகன் கொம்பியூட்டர் கடை போட்டது சண்டை முடிந்த பிறகுதான். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். ஆனாலும் பிளேன்டி குடிக்கிற சாக்கில் தினமும் போய் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிடுவேன். வெளியே உப்பு லொறிகள் போகும். அந்தத் தூசி எவ்வளவு துடைத்தாலும் போகாது. சரி, அதை விடுவோம்.

மூலையில் ஒரு பழைய மெஷின் கடைக்கு வருகிற யாருக்கும் கொடுக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். உலகம் முழுக்கப் பல பேருடைய மெஷின்கள் சேர்ந்து ஒரு இரகசிய எழுத்துப் பூட்டுக்குத் திறப்புத் தேடுகின்றனவாம். பூட்டைச் செய்தவர்களே வைத்த போட்டி. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பங்கு வரும். அதை முழுதாகத் தேடி முடித்து அனுப்பினால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

“அப்ப எங்கட அலுமாரித் திறப்பையும் தேடச் சொல்லுங்க மருமகன்,” என்றாள் என் மனைவி.

மருமகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சிலாபத்துக் கூட்டாளியின் பெயர் பட்டியலில் எப்போதோ ஏறிவிட்டது. போன் எடுத்தால் அவர் முதலில் கேட்பதே, “என்ன மச்சான், இன்னும் முட்டைதானா?” மருமகன் புரோகிராமை அழித்துப் புதிதாகப் போட்டார். இணைய லைனை மாற்றினார். மெஷின் தேடிக்கொண்டேதான் இருந்தது. ஒரு பங்கும் முடியவில்லை.

பாங்கு சொன்னால் மருமகன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்குத் தொழப் போவார். அது அவருடைய வாப்பாவிடமிருந்து வந்த பழக்கம். ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்த என் மகள், பகல் ளுஹர் தொழுகை முடிந்து கடை திறக்கும்வரை நின்றாள். மெஷினைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

“இஞ்ச பாருங்க, பாங்குக்கு முந்தி பாதி தாண்டி இருந்திச்சே. இப்ப சைபர்!”

“மெயின எறக்கினேன்தானே. அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? ஒவ்வொரு வக்துக்கும் இது முதல்ல இருந்து தொடங்குது. நீங்க தொழுதுட்டு வாறீங்க, இது, பாவம், பார்த்த இடத்தையே பார்க்குது!”

மருமகன் தலையில் கைவைத்துச் சிரித்தார். எதுவரை தேடியது என்று இடையிடையே குறித்து வைக்கும் வசதி அந்தப் புரோகிராமிலேயே இருந்திருக்கிறது. அதை அவர் போட்டுவிடவில்லை. எனக்கு விளங்கவில்லை என்று கண்டு என் பக்கம் திரும்பினார்.

“மாமா, தஸ்பீஹ் ஓதக்குள்ள ஆராச்சும் சலாம் சொன்னா, மணியில விரல அமத்திக்கிட்டுத்தானே பதில் சொல்லுவீங்க? இதுக்கும் அந்த விரலக் குடுத்திரிக்கேன்.”

“ஓம், இல்லாட்டிக் கணக்கு விட்டுடுமே,” என்றேன்.

மறுநாளும் பாங்கு சொன்னது, மெயின் இறங்கியது. திரும்பி வந்து போட்டதும் மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அந்தி மஃரிபுக்கு முன்னாலேயே பங்கு முடிந்து போய்ச் சேர்ந்தது. பட்டியலின் ஆக அடியில் மருமகன் பெயர். உடனே சிலாபத்துக்குப் போன் எடுத்தார்.

“பாரு மச்சான். கடைசி ஆள்தான். ஆனா ஆள் இரிக்கேன்!”

நான் இன்னொரு பிளேன்டி கேட்டேன்.